பிரபுவின் மனைவி விரும்பினார்

தென் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இங்கிலாந்து வரலாறு நடத்தியவன் நான். டியூடர்கள், ஸ்டூவர்ட்டுகள், மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த சண்டை. இவற்றில் பரீட்சைக்கு எது வரும், எது வராது என்பது எனக்கு மனப்பாடம். இங்கிலாந்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஒரு பிரபுவை எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி டியூடர் ராணியின் காலத்திலும் அதற்கடுத்த மன்னரின் காலத்திலும் வாழ்ந்தவர். ஏர்ல் பட்டம் உள்ளவர். வடக்கே நிலமும் பெரிய வீடும், லண்டனில் ஆற்றங்கரையில் ஒரு மாளிகையும் வைத்திருந்தார். எந்தப் போரோடும் எந்தச் சட்டத்தோடும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வதில்லை. அதற்காகவே அவரை எடுத்தேன். போட்டிக்கு ஆள் இருக்காது.

அவரைப் பற்றி எனக்குக் கிடைத்தவை இரண்டே புத்தகங்கள். சென்னையில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து இரண்டையும் கையால் எழுதி எடுத்துவந்தேன். அவற்றின் அடிக்குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. பிரபுவின் குடும்பக் கடிதங்களும் வீட்டுப் பதிவுகளும் பல தொகுதிகளாக அச்சாகியிருந்தன. அந்தத் தொகுதிகளைப் பார்க்காமலே பட்டம் வாங்கினேன். பார்த்ததுபோல எழுதினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வழிகாட்டியவரும் பார்த்ததில்லை, தேர்வாளரும் பார்த்ததில்லை. அதனால் மூவருக்கும் சிரமம் இல்லாமல் போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில், ஓய்வு பெற்ற பிறகு, நானும் மனைவியும் நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் இருந்த மகன் வீட்டுக்குப் போனோம். மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அங்கிருந்த நம் குடும்பங்களில் அப்போது ஒரு முறை இருந்தது. ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவர்கள், ஆறு மாதம் பையனைப் பெற்றவர்கள். விசா அவ்வளவுதான் தரும். ஒரு ஜோடி நியூவர்க்கில் விமானம் ஏறும் வாரத்தில் இன்னொரு ஜோடி வந்து இறங்கும். சம்பந்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, ஒருவர் போட்டு வைத்த ஊறுகாயை மற்றவர் சாப்பிடுவார்கள். குழந்தை டே கேருக்குப் போகாமலே நடக்கக் கற்றுவிடும். இதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. "அப்பா அம்மா வந்திருக்காங்க" என்பார்கள்.

வேலை முழுவதும் அம்மாவுடையது. அப்பாக்கள் மாலையில் கோட்டும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு குடியிருப்பைச் சுற்றி நடப்பார்கள். யார் மகன் கிரீன் கார்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று விசாரிப்பார்கள். நான் அதிலும் சேரவில்லை. பொழுது போகாமல் நான் ஜன்னல் ஓரமே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மருமகள், ஒரு சனிக்கிழமை என்னைப் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துப் போனாள். வெளியாட்கள் உட்கார்ந்து படிக்க ஓர் அட்டை வாங்கித் தந்தாள்.

நிலத்தடித் தளத்தில் அந்தத் தொகுதிகள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சில தாள்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சாகி இத்தனை காலத்தில் ஒருவரும் படித்ததில்லை. மேசையில் இருந்த பெண்மணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு மழுங்கிய கத்தியால் நிதானமாக வெட்டிக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் என்னால் படிக்க முடிந்தது.

மறு திங்கள்கிழமையிலிருந்து நான் வேலைக்குப் போகிறவன் ஆனேன். மகன் விடியற்காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க் போய்விடுவான். மருமகள் தன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் என்னை நூலகத்தில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிக்கொள்வாள். என் மனைவி இரண்டு டப்பாக்களில் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பாள்.

"ரிட்டயர் ஆன பிறகுதான் மனுசன் ஒழுங்கா நேரத்துக்குக் கிளம்புறாரு" என்பாள்.

கதவைச் சாத்திவிட்டு நாங்கள் போன பிறகு அந்த வீட்டில் அவளும் குழந்தையும்தான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெருவில் மனித நடமாட்டம் கிடையாது. டெலிபோன் அடித்தால் எடுக்கப் பயப்படுவாள். இவையெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

இரவு சாப்பிடும்போது பிரபுவின் கதையைச் சொல்வேன். அவளுக்கு அது பிடிக்கும். "இன்னைக்கு உங்க ஆளு என்ன செஞ்சாரு?" என்று கேட்பாள். பிரபுவின் பாட்டனார் ராஜதுரோகம் என்று தலை வெட்டப்பட்டவர். தகப்பன் சீக்கிரம் இறந்ததால் சிறுவயதிலேயே பட்டம் இவருக்கு வந்தது. தகப்பன் இல்லாத வாரிசு ராணியின் பொறுப்பு. ராணி அந்தப் பொறுப்பை ஒரு பெரிய மனிதருக்கு விற்பாள். வாங்கியவருக்குப் பையனின் நிலத்து வருமானமும் கிடைக்கும், அவனுக்குப் பெண் பார்க்கும் உரிமையும் கிடைக்கும். இவரை வாங்கியவர் தன் சொந்த மகளையே கட்டிவைத்துவிட்டார்.

"இதுல என்ன அதிசயம்? நம்ம ஊர்ல மாமன் மகளைக் கட்டி வைக்கிறதில்லையா? சொத்து வெளிய போயிரக்கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

அவர்களுக்குப் பதினொரு குழந்தைகள் என்றும், ஐந்து தங்கியது என்றும் சொன்னேன். போன குழந்தைகளுக்குப் பேர் வைத்தார்களா என்று கேட்டாள். சிலவற்றுக்கு வைத்தார்கள், ஒரே பேரை மூன்று பிள்ளைகளுக்குக்கூட வைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் எழுந்து போய்த் தூங்குகிற பேத்திக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

அக்டோபரில், மரங்கள் எல்லாம் சிவந்து நின்ற சமயம், அவளுடைய அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தது. அக்கா கோவில்பட்டியில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை கிடையாது. பத்து வயது மூத்தவள். தாய் இல்லாத வீட்டில் என் மனைவிக்குத் தலை பின்னியதும், பள்ளிக்கூடம் அனுப்பியதும், எனக்குக் கட்டிக்கொடுத்ததும் அவள்தான். கர்ப்பப்பையில் கட்டி. மதுரையில் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது, ஊருக்குப் போன் பேச மகன் ஒரு காலிங் கார்டு வாங்கி வருவான். அதில் ஒரு பத்து நிமிடம் அக்காவோடு பேசுவாள். அக்கா கேட்பதெல்லாம் ஒன்றுதான். எப்ப வர்ற?

எங்களுக்கு நவம்பர் கடைசியில் திரும்புவதற்கு டிக்கெட் இருந்தது. அதனால் அவள் கவலைப்படவில்லை. நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மருமகளின் தகப்பனாருக்கு இதய அடைப்பு என்று தகவல் வந்தது. அவர்கள் முறைக்கு வர முடியாது. சமையலறையில் பேச்சு அடிபட்டதைக் கேட்டதும் என் மனைவி அன்றே என்னிடம் சொன்னாள்.

"நம்மள இருக்கச் சொல்லுவாகளோன்னு பயமா இருக்கு. நானா அவன்ட்டச் சொன்னா பிள்ளை மனசு சங்கடப்படும். நீங்க பக்குவமாச் சொல்லுங்க. நான் அக்காவைப் போய்ப் பாக்கணும். முடிஞ்சா முன்னாடியே போயிருவோம்."

சரி என்றேன். மறுநாள் காலை மகனே என்னிடம் வந்தான். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நின்றபடியே பேசினான். "அப்பா, பாப்பாவை டே கேர்ல போட்டுக்கறோம். கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா மேனேஜ் பண்ணிடலாம். பெரியம்மாவுக்கு இப்படி இருக்கறப்ப உங்களை இருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. எதுக்கும் அம்மா என்ன நினைக்கறான்னு கேளுங்க. விசா எக்ஸ்டென்ஷன் அப்ளை பண்ணணும்னா இப்பவே பண்ணணும்."

அந்த வாரம்தான் நான் கடிதத் தொகுதிகளில் பாதியை முடித்திருந்தேன். பிரபுவின் லண்டன் வருடங்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. ஊருக்குத் திரும்பினால் அந்தப் புத்தகங்களை இந்தப் பிறவியில் மறுபடி தொடப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். என் வாய் தானாகப் பேசிற்று என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. யோசித்துத்தான் பேசினேன்.

"கேட்டுட்டேன். அவ இருக்கேன்கிறா. பாப்பாவை விட்டுட்டுப் போக மனசில்லையாம்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. ரயிலுக்கு ஓடினான்.

மனைவியிடம் மாலையில் சொன்னேன். பையன் ரொம்பக் கெஞ்சுகிறான், டே கேரில் போட்டால் குழந்தைக்கு மாறி மாறிக் காய்ச்சல் வருமாம், மருமகளுக்கு வேலை நிரந்தரமாகும் சமயமாம், மறுக்க முடியவில்லை என்றேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு, "பிள்ளை கேட்டா என்ன செய்ய முடியும்" என்றாள்.

ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் இதை எப்படிப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்று யாரும் கேட்கலாம். எங்கள் வீடுகளைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பேச்சை எடுத்தால் மகன் குற்றவுணர்ச்சியில் தவிப்பான் என்று அவள் எடுக்கவில்லை. பேச்சை எடுத்தால் அம்மா அழுதுவிடுவாள் என்று அவன் எடுக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த அந்தப் பரிவை நம்பித்தான் நான் பொய் சொன்னேன். அது கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்காது என்று எனக்குத் தெரியும்.

பனிக்காலம் வந்தது. நூலகத்தில் கதகதப்பாக இருந்தது. பிரபு லண்டனில் அரசவைக்காரர்களோடு அலைந்தார், கடன் வாங்கினார், தோட்டம் போட்டார், மூத்த மகனோடு சண்டை போட்டார். நான் நன்றாகத் தூங்கினேன்.

பொங்கல் முடிந்து சில நாளில் அக்கா இறந்துபோனாள். காலையில் போன் வந்தது. மகன் வேலைக்குப் போகவில்லை. அன்றே கிளம்பினாலும் முகம் பார்க்க முடியாது. மறுநாளைக்குள் எடுத்துவிடுவார்கள். என் மனைவி சத்தம் போட்டு அழவில்லை. குளியலறைக்குப் போய், கட்டிய புடவையோடு குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். அந்தக் குளிரில் குழாய்த் தண்ணீர் ஐஸ்போல இருந்திருக்கும். மருமகள் ஹீட்டரைக் கூட்டிவைத்து, துண்டால் அவளுக்குத் தலை துவட்டிவிட்டாள். நல்ல பெண். அவள் கண்ணிலும் நீர்.

"அத்தை, பெரியம்மாவுக்கு இவ்ளோ முடியலைன்னு தெரிஞ்சும் பாப்பாவுக்காக நீங்களே இருக்கேன்னு சொன்னீங்களே. நாங்க இதை எப்படித் திருப்பிச் செய்யப் போறோம்னு தெரியலை" என்றாள்.

என் மனைவி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மகன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தான். நான் அவர்கள் எல்லாருக்கும் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"ஆமாம்மா. பாப்பாவை விட்டுட்டு எப்படிப் போறது" என்றாள்.

இரவு எங்கள் அறையில் அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

"ஏன் செஞ்சீகன்னு கேக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு. எப்ப வர்ற எப்ப வர்றன்னு அவ கேட்டப்பல்லாம், உன் மகன் விட மாட்டேங்கிறான்க்கான்னு சொன்னேன். போன வாரம் அவ சொல்றா, நான் தூக்கி வளர்த்த பய, எனக்கு இதைச் செஞ்சுட்டானேன்னு. என் பிள்ளையை ஏசிட்டுப் போயிட்டா. அவன் ஒண்ணுமே கேக்கலையே."

மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். அவனாவது உங்கள நல்லபடியா நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

அவள் கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், வேண்டாம் என்று அவள் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது.

பத்து நாளில் அவள் மகனிடம் தானே போய், தனக்கு மட்டும் ஒரு டிக்கெட் போடச் சொன்னாள். அக்கா வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார், காரியங்கள் இருக்கின்றன என்றாள். நானும் வருகிறேன் என்றேன். "உங்களுக்குப் படிப்பு பாக்கி இருக்கும்" என்றாள். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரைத் தனியாக அனுப்பும்போது சக்கர நாற்காலி கேட்டு எழுதிவிடுவது அங்கே வழக்கம். நன்றாக நடக்கிறவர்களும் உட்கார்ந்துகொள்வார்கள். விமானம் மாறும் ஊரில் யாராவது தள்ளிக்கொண்டு போய்ச் சரியான வாசலில் விடுவார்கள். வரும்போது நான் அதை வேண்டாம் என்றிருந்தேன். நான் இருக்கும்போது அவளுக்கு எதற்கு நாற்காலி? இந்த முறை அவள் முதுகை நிமிர்த்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் வழியனுப்புகிறவர்களும் விமான வாசல் வரை போகலாம். நாங்கள் அவளுக்குப் பின்னால் நடந்தோம்.

வாசலில் மகன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற ஆள், அத்தனை பேர் நடுவில் தேம்பினான். "போகணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பேனேம்மா. ஏம்மா இருக்கேன்னு சொன்ன?"

நான் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். அவள் அவன் தலையில் கை வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தோணிச்சு, சொன்னேன். விடுப்பா" என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். விமானம் கிளம்ப நேரம் இருந்தது. நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். மகன் அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தான்.

அவள் இல்லாத அந்த வீட்டில் இன்னும் மூன்று மாதம் இருந்தேன். குழந்தையை டே கேரில் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சளி பிடித்துச் சரியாயிற்று. நான் நூலகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பிரபுவின் குடும்பத்தைப் பற்றிய அத்தியாயத்தை எழுத எண்ணி, என் பழைய ஆய்வேட்டின் பிரதியை எதிரே வைத்துக்கொண்டேன். அதில் ஒரு வரி: பிரபுவின் மனைவி லண்டனை வெறுத்தார், வடக்கே, நாட்டுப்புறத்து அமைதியில் வாழவே விரும்பினார். இப்போது மூலத் தொகுதிகள் கையில் இருந்தனவே, ஆதாரத்தைத் தேடினேன். அந்த அம்மாள் எழுதிய ஒரு வரிகூட எந்தத் தொகுதியிலும் இல்லை. பிரபுதான் நண்பர்களுக்கும் அரசவைக்கும் எழுதுகிறார், என் மனைவி வடக்கேயே மனநிறைவாக இருக்கிறாள், லண்டன் வர விரும்பவில்லை என்று. வருடா வருடம் எழுதுகிறார். அவளுடைய தங்கை லண்டனில் பிரசவத்தில் இறந்த வருடமும் எழுதியிருக்கிறார்.

அவர் பொய் சொன்னார் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. உண்மையாகவே அவளுக்கு வடக்கு பிடித்திருக்கலாம். ஒரு செய்தியைப் படித்தால் அதை யார் சொன்னது என்று முதலில் கேளுங்கள் என்று நான் மாணவர்களுக்குச் சொல்லாத ஆண்டு கிடையாது. அந்த அத்தியாயத்தை எழுதவில்லை. புத்தகமும் எழுதவில்லை. குறிப்புகளை ஒரு பெட்டியில் போட்டு மகன் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்கு வந்தேன். நான் வந்த பிறகு அவர்கள் வீடு மாறும்போது அதைக் கழித்துவிட்டார்கள்.

ஊரில் என் மனைவி எனக்குச் சமைத்தாள், பேசினாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. டாக்டரிடமோ பாங்கிலோ நான் அவளுக்காகப் பேசத் தொடங்கினால் கையை லேசாக உயர்த்துவாள். நான் நிறுத்திக்கொள்வேன். அவளே சொல்வாள், தயங்கித் தயங்கி, நேரம் எடுத்துக்கொண்டு. அமெரிக்காவுக்கு அவள் மறுபடி போகவில்லை. மகன் கூப்பிட்டபோதெல்லாம் வரவில்லை என்று அவளே போனில் சொல்லிவிட்டாள்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அவளும் போய்விட்டாள். காரியத்துக்கு வந்த மகன், கூடியிருந்த உறவுக்காரர்களிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னான். கூடப்பிறந்தவள் சாகக் கிடந்தபோதும் என் குழந்தைக்காக அங்கேயே இருக்கேன்னு சொன்னவ எங்க அம்மா என்றான். கோவில்பட்டியிலிருந்து வந்த சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதை வேறு. அக்கா கடைசிவரை திட்டியது இவனைத்தானே. நான் நாற்காலியில் உட்கார்ந்து, மகன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் தமிழ் படிப்பான். இது அச்சில் வந்தால் அவன் கைக்குப் போகும் என்பதால்தான் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு இப்போதும் தைரியம் இல்லை.

உன் அம்மா இருக்கேன் என்று சொல்லவில்லை. உன் பெரியம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும், முடிந்தால் முன்னாலேயே கிளம்ப வேண்டும் என்று அந்த அக்டோபரிலேயே சொன்னாள். நீ சங்கடப்படக் கூடாது என்று, அதை உன்னிடம் பக்குவமாகச் சொல்லச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாள்.